அந்தக் கசற் கொப்பி என்னுடையது

எங்கள் அண்ணா கண்மூடி இன்றுடன் முப்பத்தொரு நாட்கள். அந்தியேட்டிக் கிரியைக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களும் நண்பர்களும் அண்ணாவின் வலக்கையைப் பார்த்திருப்பீர்கள். சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் மூன்றும் மடங்காதவை. கோவிலில் கும்பிடும்போது அவை மூன்றும் தனியே விலகி நிற்கும். கல்யாண வீடுகளில் சின்னப் பிள்ளைகள் கேட்டால், "பழைய கொம்பியூட்டர் ஒண்டு கடிச்சுப்போட்டுது" என்று சொல்லிச் சிரிப்பார்.

பெரியவர்களிடம் வேறு விளக்கம் இருந்தது. கொம்பியூட்டர் பைத்தியம் முற்றி அண்ணா ஒரு கொப்பியில் கண்டதையும் எழுதிவைத்தார், படையினரின் சுற்றிவளைப்பில் அது அகப்பட்டது, அதனால் அடிவாங்கினார் என்பது அது. எங்கள் அப்பா சாகும்வரை அதைத்தான் சொன்னார். அது பிழை. அந்தக் கொப்பியை எழுதியவள் நான். பதினான்கு வயதிலிருந்து நாட்குறிப்பு எழுதிவருகிறேன். அந்த வருடத்து நாட்குறிப்பைப் பக்கத்தில் விரித்துவைத்துக்கொண்டே இதை எழுதுகிறேன். அண்ணாவின் வாழ்க்கையை அச்சிலே கொடுக்கும்போது இந்த ஒன்றைத் திருத்தாமல் விட எனக்கு உரிமை இல்லை.

அண்ணா பிறந்தது தம்பலகாமத்தில், அம்மாவின் தாய்வீட்டில். அப்பாவுக்குத் துறைமுகக் களஞ்சியத்தில் எழுதுவினைஞர் வேலை கிடைத்ததும் குடும்பம் திருகோணமலை நகரத்துக்கு வந்தது. உட்துறைமுகத்தைப் பார்த்த ஓர் ஒழுங்கையில் வாடகை வீடு. அண்ணாவுக்கு ஒன்பது வயதாகும்போது நான் பிறந்தேன். அவருக்குப் பத்தொன்பது வயதில், கலவரத்தில் எங்கள் ஒழுங்கையைக் கொளுத்தினார்கள். அம்மா குசினிக்குள், அடுப்படியில் அகப்பட்டுக்கொண்டார். அண்ணா ஈரச் சாக்கைப் போர்த்திக்கொண்டு உள்ளே போய் அம்மாவைத் தூக்கிவந்தார். சாக்கோடு அம்மாவின் தோலும் உரிந்து வந்தது. ஆசுபத்திரியில் மூன்று நாட்கள் இருந்து அம்மா இறந்தார். அண்ணா படிப்பை விட்டார். ரேடியோ திருத்தும் கடையொன்றில் சேர்ந்து, இரண்டு வருடத்தில் அந்தக் கடையின் கடினமான வேலையெல்லாம் தன் மேசைக்கு வரும்படி செய்தார்.

முதல் கொம்பியூட்டர், எரிந்துபோன ஒரு ஹோட்டலில் இருந்து வந்தது. கடற்கரையோரத்தில் வெளிநாட்டுக்காரர் தங்கும் ஹோட்டல் அது. கூரை விழுந்து ஒரு வருடத்துக்குப் பிறகு, பழைய இரும்பு சேர்ப்பவர் ஒருவர் அதைக் கடைக்குக் கொண்டுவந்தார். அப்போது வீடுகளில் வைத்திருக்கச் செய்த கொம்பியூட்டர்கள் ஒரு தட்டச்சுப் பலகையின் அளவே இருக்கும். அதற்குள்ளேயே எல்லாம் அடக்கம். திரைக்கு வீட்டு ரீவி. விளையாட்டுகளையும் கணக்குகளையும் சேமித்துவைக்கச் சாதாரணப் பாட்டுக் கசற். அந்த ஹோட்டல் பெட்டியில் பாதி விசைகள் உருகிப்போயிருந்தன. அண்ணா நான்கு மாதம் அதனோடு இருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நாலு பத்துக்கு ரீவியில் வெள்ளையாக ஒரு சதுரம் மின்னியது. அப்பா எட்டிப் பார்த்து, "இதுக்கோ நாலு மாசம்?" என்று கேட்டார்.

அதற்குப் பிறகு இப்படியான பெட்டிகளை அவர் தேடத் தொடங்கினார். வெளியுலகில் அவற்றின் காலம் அப்போதே முடிந்துவிட்டது. எங்கள் ஊரில் அவை இடிபாடுகளுக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தன. புல்மோட்டைப் பக்கம் ஒரு பொறியியலாளர் கைவிட்டுப் போன வீட்டிலிருந்து ஒன்று. ஷெல் விழுந்த பள்ளிக்கூடத்திலிருந்து ஒன்று. ஒன்றில் துப்பாக்கிச் சன்னம் நுழைந்த துளை இருந்தது. மறுபக்கத் துளையை அண்ணா மெழுகால் அடைத்தார். இன்னொன்றின் விசைகளுக்கு இடையில் இரத்தம் காய்ந்திருந்தது. ஸ்பிரிட்டில் பஞ்சைத் தோய்த்து விசை விசையாகத் துடைத்தார். யாருடைய இரத்தம் என்று கேட்டேன்.

"கேக்காதை. எழுதவும் எழுதாதை" என்றார்.

நான் எழுதினேன். அன்றைய பக்கத்தில் அது இருக்கிறது.

பெட்டிகளில் பெரும்பாலானவற்றைத் தேடிக் கொடுத்தவர் கிண்ணியாவைச் சேர்ந்த முஸ்லிம் வியாபாரி ஒருவர்; நாங்கள் அவரை நானா என்றே கூப்பிடுவோம். வளைகுடாவில் வேலைசெய்து திரும்பியவர்களிடமிருந்து பழைய ரேடியோ, ரெக்கோடர் வாங்கி விற்கும் கடை அவருக்கு இருந்தது. கொம்பியூட்டர் எது வந்தாலும், "இது உங்கட சாதிச் சாமான் தம்பி, எனக்கு விளங்காது" என்று சொல்லி, சாக்கில் சுற்றித் துறை கடந்து கொண்டுவருவார். சோதனைச் சாவடியில் கேட்டால் தையல் மெஷின் என்பார். இருவரும் எங்கள் முன்விறாந்தையில் உட்கார்ந்து, எந்தப் பெட்டி எந்த வீட்டில் இருந்தது, அதை யார் வாங்கிக் கொடுத்திருப்பார்கள், அந்த வீட்டுப் பிள்ளைகள் இப்போது எங்கே என்று கதைத்துக்கொண்டிருப்பார்கள். அண்ணாவுக்குப் பெட்டியைத் திருத்தினால் மட்டும் போதாது. அது யாருடையதாக இருந்தது என்றும் தெரிய வேண்டும்.

இனி என் பிழைக்கு வருகிறேன்.

ஒரு கசற்றில் எட்டுப் பத்து விளையாட்டுகள் இருக்கும். வேண்டியது எங்கே தொடங்குகிறது என்று அறிய ரெக்கோடரில் மூன்று இலக்கம் காட்டும் சின்னச் சில்லு உண்டு. அண்ணா இலக்கங்களை மனதில் வைத்திருந்தார். எனக்கு அது ஒழுங்கீனமாகப் பட்டது. நூறு பக்கக் கொப்பி ஒன்றில் கோடு போட்டு, முப்பத்தொரு கசற்றையும் பதிந்தேன். கசற் இலக்கம், பக்கம், தொடங்கும் எண், முடியும் எண், விளையாட்டின் பெயர், கொம்பியூட்டரில் ஏறுவதற்கு எடுத்த நேரம், கடைசியில் குறிப்பு. ஏழாம் கசற்றின் முதல் வரி இது: படகு, 045, 112, நாலு நிமிடம் ஐம்பது செக்கன், இரண்டு தரம் தவறியது, மூன்றாம் தரம் சரி. அடுத்த வரி விமானம். அதற்கடுத்தது யுத்தத் தாங்கி. அண்ணா பார்த்துவிட்டு, இதெல்லாம் எழுதிவைக்கிற காலமா என்று கேட்டார். கிழித்துப்போடச் சொன்னார். நான் கிழிக்கவில்லை. அட்டைக்குப் பிறவுண் பேப்பர் உறை போட்டேன்.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. துறைமுகத்தில் ஒரு படகு வெடித்ததற்கு மறுநாள், வியாழக்கிழமை காலை ஆறு இருபதுக்கு எங்கள் ஒழுங்கையைச் சுற்றிவளைத்தார்கள். எங்கள் பின்வேலியால் பாய்ந்து ஓடிய ஒருவரைச் சுட்டார்கள். அவர் எங்கள் கிணற்றுக் கட்டில் விழுந்தார். அவர் காலொன்று வெகுநேரம் உதைத்துக்கொண்டிருந்தது. நாங்கள் மூவரும் சுவரோடு முழந்தாளில் நின்றோம். உள்ளே பெட்டிகள் உடையும் சத்தம் கேட்டது. சப்பாத்துக் காலால் மிதித்து மூன்றை உடைத்தார்கள். பிறகு ஒருவர் கொப்பியோடு வெளியே வந்தார். தமிழ் தெரிந்த இன்னொருவர் அதை வாங்கி வாசித்தார். படகு, விமானம், தாங்கி, எண்கள், நிமிடங்கள், இரண்டு தரம் தவறியது. அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

"இது யாருட எழுத்து?"

நான் வாயைத் திறந்தேன். சத்தம் வரும் முன்னே அண்ணா, "என்ட" என்றார்.

துவக்குப் பிடி அவர் வாயில் விழுந்தது. இரண்டு பற்கள் முற்றத்தில் கிடந்தன. எழும்ப முயன்ற அப்பாவை நெஞ்சில் உதைத்து விழுத்தினார்கள். அண்ணா இடுப்பில் கட்டியிருந்த சாரத்தை அவிழ்த்து அதனாலேயே கையைக் கட்டி, ட்ரக்கில் தூக்கிப் போட்டார்கள். கொப்பி, கசற்றுகள், ரெக்கோடர் எல்லாம் அவருக்குப் பின்னால் போயின. ரெக்கோடரை எறிந்தார்கள், அது தகரத்தில் பட்டுத் தெறித்தது.

மூன்று நாட்கள் செய்தி இல்லை. அப்பா விடியப் போய் முகாம் வாசலில் நின்றார். அங்கே நின்ற மற்றப் பெற்றோரில் சிலருக்குப் பிள்ளைகள் உடுத்திருந்த சேட் மட்டும் திரும்பிக் கிடைத்தது. அப்பா வீட்டுக்கு வந்ததும், "என்னத்துக்கடா எழுதி வைச்சனீ, என்னத்துக்கடா எழுதி வைச்சனீ" என்று அண்ணாவின் கதிரையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருப்பார். அப்பாவிடம் சொல்ல இரண்டு முறை முயன்றேன். சொன்னால் அப்பா நேரே வாசலுக்குப் போய் அதைச் சொல்லிவிடுவார் என்று பயந்தேன். சொல்லாவிட்டால் அண்ணா சாவார் என்றும் பயந்தேன். அந்த மூன்று நாட்களின் பக்கங்களில் திகதியைத் தவிர எதுவும் இல்லை.

ஞாயிறன்று நானா வந்தார். கேட்ட கையோடு முகாமுக்குப் போனார். அந்தப் பெட்டிகளைக் கொடுத்தது தான்தான், அவை வெளிநாட்டுப் பிள்ளைகள் விளையாடுபவை என்று வாசலிலேயே நின்று சொன்னார். அவரை உள்ளே எடுத்தார்கள். மூன்று மணித்தியாலத்தின் பின் காதிலே இரத்தம் வடிய வெளியே வந்தார். கொண்டுவந்த செய்தி ஒன்று: அது விளையாட்டு என்றால் நாளைக்குப் பெட்டியைக் கொண்டுவந்து காட்ட வேண்டும்.

"காட்டினா விடுவினமோ நானா?" என்று அப்பா கேட்டார்.

"காட்டாட்டி விடமாட்டாங்க" என்றார் நானா. பிறகு என்னைப் பார்த்தார். "மகள், அந்த வயர் எல்லாம் பொருத்த உங்களுக்குத் தெரியுமா?"

தெரியும் என்றேன்.

திங்கள் காலை ஒன்பதரைக்கு ரீவியையும், உடையாமல் தப்பிய ஹோட்டல் பெட்டியையும் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு மூவரும் போனோம். அப்பாவையும் நானாவையும் வாசலில் நிறுத்தினார்கள். என்னை ஓர் அறைக்குள் கொண்டுபோனார்கள். அங்கே அதிகாரி ஒருவர், தமிழ் கதைக்கும் மொழிபெயர்ப்பாளர் ஒருவர், துவக்கோடு இருவர். மேசையில் கசற்றுகளும் ரெக்கோடரும் என் கொப்பியும் இருந்தன. பிறவுண் உறையைக் கிழித்திருந்தார்கள்.

அண்ணாவை இருவர் பிடித்துக்கொண்டு வந்தார்கள். ஒரு கண் மூடியிருந்தது. வலக்கையைப் பழைய பெனியன் துண்டால் சுற்றியிருந்தார்கள். அது கறுப்பாக இருந்தது. நடந்ததை அவர் பிறகு ஒரே ஒரு தடவை சொன்னார். முதல் நாள் எழுத்தை ஒப்பிட்டுப் பார்க்க எண்களை எழுதச் சொன்னார்களாம். நான் ஏழுக்கு நடுவில் கோடு போடுவேன் என்பது அவருக்குத் தெரியும். நடுவில் கோடு போட்டு எழுதினார். எழுத்து ஒத்துப்போனது. இரண்டாம் நாள் அந்த விரல்களை மேசை லாச்சிக்குள் வைத்து, லாச்சியை உதைத்து மூடினார்கள்.

அதிகாரி கொப்பியைத் திறந்து ஏழாம் கசற்றின் முதல் வரியில் விரலை வைத்தார். படகைக் காட்டச் சொன்னார்.

ரீவியில் வயரைக் குத்தினேன். கசற்றைத் தொடக்கத்துக்குச் சுற்றி, சில்லை 000க்குக் கொண்டுவந்து, 045 வரை ஓடவிட்டேன். கட்டளையைத் தட்டி ரெக்கோடரை அமுக்கினேன். நாலு நிமிடம் எல்லோரும் நீலக் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு திரை வெறுமையானது. கீழே பிழை என்று ஒரு வரி வந்தது. மறுபடி செய்தேன். அதே வரி.

மொழிபெயர்ப்பாளர் கொப்பியைப் பார்த்து, "இரண்டு தரம் தவறியது எண்டு உங்கட ஆளே எழுதியிருக்கிறார். ஐயா சொல்றார், மூண்டாந்தரம் மட்டும்தானாம்" என்றார். துவக்கு வைத்திருந்த ஒருவர் சிங்களத்தில் ஏதோ சொல்ல, மற்றவர் சிரித்தார்.

அண்ணா கதிரையில் சாய்ந்தபடியே சொன்னார். எறிந்ததில் ரெக்கோடருக்குள் கசற்றை வாசிக்கும் தலை சரிந்துவிட்டது. சின்ன ஸ்குரூ டிரைவர் வேண்டும். தன் கைக்கு ஏலாது, தங்கச்சி திருப்புவாள். அதிகாரி யோசித்தார். துவக்குத் துடைக்கும் சாமான் பெட்டியிலிருந்து ஒன்று வந்தது. சத்தம் வெளியே கேட்க வயரைப் பிடுங்கச் சொன்னார் அண்ணா. பிடுங்கியதும் கசற்றின் கீச்சல் அறையை நிறைத்தது. கேட்டவர்களுக்குத் தெரியும், அது காதைக் கிழிக்கும் சத்தம். வாசலில் நின்றவர் துவக்கைத் தூக்கி என் பிடரியில் வைத்தார். மொழிபெயர்ப்பாளர் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். ஆனாலும் அவர் துவக்கை எடுக்கவில்லை. அந்த இரும்பு குளிராக இருந்தது.

"தலைக்கு மேல ஒரு ஓட்டை இருக்கு. அதுக்குள்ள ஸ்குரூ. இடப்பக்கம் கொஞ்சம். இன்னும். சத்தம் கூராக வரவேணும்."

ஸ்குரூ டிரைவரை ஓட்டைக்குள் விட்டுத் தேடினேன். ஸ்குரூ அகப்படவில்லை. மூன்றாம் தரமும் தவறினால் என்ன நடக்கும் என்று அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். நான் குனிந்தபடி, "அண்ணா, நான் சொல்லப்போறன், என்ட எழுத்தெண்டு" என்றேன்.

"ஸ்குரூவைப் பார்" என்றார் அண்ணா. "வேறொண்டும் கதையாதை."

அதிகாரி மொழிபெயர்ப்பாளரைப் பார்த்தார். என்ன சொல்கிறாள் என்று கேட்கிறார் என்பது எனக்கு விளங்கியது. மொழிபெயர்ப்பாளர் என்னைப் பார்த்தார், அண்ணாவின் கையைப் பார்த்தார். பிறகு எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் நான் கேட்ட வசனம் இது: எந்தப் பக்கம் திருப்புவது என்று கேட்கிறாள்.

"வலப்பக்கம், மயிரளவு" என்றார் அண்ணா. "நிப்பாட்டு. வயரைக் குத்து."

நாலு நிமிடம் ஐம்பது செக்கன். திரையில் நீலக் கடல் வந்தது. அதன் நடுவில் வெள்ளைப் படகு ஒன்று வந்து நின்றது. எந்த விசை எதற்கு என்று அதிகாரி கேட்டார். நான் காட்டினேன். அவர் விளையாடினார். படகைப் பாறையில் மோதி மூழ்கடித்தார். திரும்பத் தொடங்கி மறுபடி மூழ்கடித்தார். பிறகு துவக்கைச் சுவரில் சாத்திவிட்டு மற்றவர்களும் வந்தார்கள். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் அவர்கள் விளையாடினார்கள். அண்ணாவுக்குத் தண்ணீர் கொடுக்க என்னை விடவில்லை. பின்னேரம் மூன்றே காலுக்கு அண்ணாவை விட்டார்கள். பெட்டியையும் ரீவியையும் வைத்துக்கொண்டார்கள். கொப்பியை மட்டும் என் கையில் தந்தார்கள்.

மூன்று கிழமை கழித்து முகாமிலிருந்து ஆள் வந்தது. திரையில் படகு வரவில்லையாம், படகு மாஸ்டர் வந்து பார்க்கட்டுமாம். அப்பா கதவை மறித்துக்கொண்டு நின்றார். அண்ணா கட்டுப்போட்ட கையோடு போனார். திருத்திக் கொடுத்துவிட்டு வந்தார். பிறகும் ஒரு தடவை போனார். ஏன் போகிறீர்கள் என்று கேட்டேன். "பெட்டியில என்ன பிழை? அது ஹோட்டல் பெட்டி" என்றார். இரண்டாம் தடவை போனபோது அதிகாரி மாறியிருந்தார். புதியவர் யார் நீ என்று கேட்டுக் கன்னத்தில் அறைந்தாராம். அந்தப் பெட்டி அதன் பிறகு என்னவானது என்று தெரியாது.

நானாவை இரண்டு வருடங்களின் பின் அவருடைய கடை வாசலில் பகலில் சுட்டுக் கொன்றார்கள். யார், எதற்கு என்று இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை. அண்ணா ஜனாசா நல்லடக்கத்துக்குப் போய், மையவாடி வாசல்வரை நடந்தார். நானா கடைசியாகச் சாக்கில் சுற்றி வைத்திருந்த பெட்டியை அவருடைய மனைவி எடுத்துக் கொடுத்தார். அதில் சன்னம் இரண்டு இருந்தது. அண்ணா அதைத் திருத்தி ஓடவைக்க ஏழு மாதம் எடுத்தது.

வலக்கை போனபின் அண்ணா இடக்கையால் ஈயம் பற்றவைக்கப் பழகினார். முதல் வருடம் முழுவதும் கையெல்லாம் கொப்புளம். உதிரிப்பாகத்தின் நுணுக்கமான கம்பிக் காலை நான் குறட்டால் பிடிப்பேன், அவர் பற்றவைப்பார். அப்படித் திருத்தியவையும் சேர்த்துப் பதினொரு பெட்டிகள் வீட்டில் இருக்கின்றன. ஒன்பது ஓடுகின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒவ்வொன்றாக ஓடவைத்து, அது எந்த வீட்டில் இருந்தது என்று வந்தவர்களுக்குச் சொல்வார். அடித்தவர்களைப் பற்றிச் சொல்லமாட்டார். அப்பா எல்லாருக்கும் முன்னால், "இவன் எழுதிவைச்சு அழிஞ்சவன்" என்று சொல்லும்போதும் பேசாமல் தேத்தண்ணியைக் குடிப்பார். நான் வாயெடுத்தால் கண்ணால் தடுப்பார். அப்பா பதினொரு வருடம் அப்படிச் சொன்னார். அப்பாவின் காலம் முடிந்த பிறகு, இனி யாரிடம் சொல்வது என்று நானும் இருந்துவிட்டேன்.

கடைசி மாதம் இருதய வருத்தத்தோடு அண்ணா ஆசுபத்திரியில் இருந்தார். ஒரு புதன்கிழமை பார்வையாளர் நேரத்தில், ஏன் அன்றைக்கு "என்ட" என்று சொன்னீர்கள் என்று கேட்டேன். இத்தனை வருடத்தில் அதை நான் கேட்டது அதுவே முதல் தடவை.

"நீ வாயைத் திறந்தனீ" என்றார். "என்னைக் கொண்டுபோனா அடிப்பினம். உன்னைக் கொண்டுபோனா..." என்று நிறுத்தினார். மடங்காத விரல்களால் போர்வையை இழுத்துவிட்டார். "விரல்தானே பிள்ளை."

இதை எழுதட்டுமா என்றேன். வேண்டாம் என்றால் நீ எழுதாமல் விடுகிற ஆளா என்று கேட்டார். எட்டு நாட்களின் பின் காலமானார்.

அண்ணாவின் விரல்களை வெட்டாமல் வைத்துக் காப்பாற்றிய ஆசுபத்திரி வைத்தியருக்கும், கட்டு மாற்ற நாளுக்கொருவராக வந்த ஒழுங்கைச் சனத்துக்கும், இறுதிக் கிரியைகளில் தோள்கொடுத்தவர்களுக்கும், தம்பலகாமத்திலிருந்தும் புல்மோட்டையிலிருந்தும் வந்து நின்றவர்களுக்கும் எங்கள் குடும்பம் நன்றி சொல்கிறது. கிண்ணியாவிலிருந்து செத்தவீட்டின் எட்டு நாளும் சோறு சமைத்து அனுப்பிய நானாவின் மனைவி பிள்ளைகளுக்கு எந்தச் சொல்லும் போதாது. அந்த அறையில் என் வசனத்தை மாற்றிச் சொன்ன மொழிபெயர்ப்பாளரின் பெயர் எனக்குத் தெரியாது. அவர் உயிரோடு இருந்தால், எங்கிருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும்.

இந்தக் கட்டுரையில் நாளிலோ நேரத்திலோ நடந்த முறையிலோ பிழைகள் இருக்கலாம். அவை என்னுடையவை. அவற்றுக்காக வேறு ஒருவரையும் குறை சொல்ல வேண்டாம்.

தங்கை